தங்கவயலில் வெற்றி மாதா



தேவாலா, பந்தலூர் பக்கம் தேயிலைக்கு அடியில் பழைய தங்கச் சுரங்கங்கள் கிடப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1879இல் அன்றைய அரசு, ஆஸ்திரேலியச் சுரங்கங்களை அறிந்த பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்து இந்த மண்ணை ஆராயச் சொன்னது. மறு ஆண்டு அவருடைய அறிக்கை வந்தது. லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி தொடங்கிப் பங்குகளை விற்றார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. கைவிடப்பட்ட அந்தக் குழிகளில் நம் காலத்திலும் ஆசையோடு இறங்கி உயிரைவிட்டவர்கள் உண்டு.

இங்கே பொய்த்தது கோலாரில் பொய்க்கவில்லை. கடந்த மே மாதம் நம் பங்கு மக்கள் சிலரோடு ஒரு வேனில் கோலார் தங்கவயலுக்குப் போனேன். சாம்பியன் ரீஃப் பகுதியில் வெற்றி மாதா ஆலயம். லெபாந்தோ கடற்போருக்குப் பின் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அன்னைக்குச் சூட்டிய பெயர் அது. கர்நாடக மண்ணில் தமிழில் செபமாலை. வெளியே வந்தால் சயனைடு கழிவு மேடுகள், ஓடாத சுரங்கக் கோபுரங்கள்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பிப் போன நம் ஏழைச் சனங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தொட்டால் சுடும் பாறை. அது திடீரென வெடிக்கும். தப்பியவர்களின் நுரையீரலைக் கல்தூசி தின்றது. யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஆழத்தில் கயிற்றில் தொங்கும் தொழிலாளி ஒருவர் வருகிறார். அதை எழுதியவர் எங்கோ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

ஆலய வாசலில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் பேச்சுக்கொடுத்தார். "எங்க தாத்தா கல்யாணம் இந்தக் கோயில் புஸ்தகத்துல இருக்கு சாமி. கம்பெனி புஸ்தகம் எங்க போச்சோ தெரியாது" என்றார். பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்களாம். குடியிருப்பது இன்னமும் சுரங்கத்தின் லைன் வீட்டில்தான். "உங்க எஸ்டேட்ல ரிட்டயர் ஆனா வீடு யாருக்கு சாமி?" என்று கேட்டார். என்னோடு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் லயத்தில் இருப்பவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான்.

திரும்பும்போது குண்டல்பேட்டை சேர இரவு ஒன்பது தாண்டிவிட்டது. பந்திப்பூர் காட்டுவழி காலை ஆறுக்குத்தான் திறக்கும். வேனிலேயே உட்கார்ந்திருந்தோம். சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டி ஒருவர், ஹட்டன் பக்கத்துக் கோயிலில் தன் அப்பா வாங்கிய ஞானஸ்நானச் சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எடுக்க அலைந்தபோது ஓர் அலுவலகத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் படியெடுத்து, பங்கு அலுவலகத்தில் ஒரு கோப்பு திறக்கிறோம்.