ஜோடி சேராத முத்துக்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்க்கிறார். "புதுசு எதுக்கு அண்ணாச்சி? கடையில பழைய ரேம் ஒண்ணு சும்மா கெடக்கு. இதுகூட சேர்த்துச் சொருகிட்டா பறக்கும்" என்கிறார். 2025-ன் பிற்பகுதியில் மெமரி விலை தாறுமாறாக ஏறிய பிறகு இந்த யோசனைக்கு மவுசு அதிகம். நீங்களும் தலையாட்டப் போகிறீர்கள். ஒரு நிமிஷம். அதற்கு முன் தூத்துக்குடிக் கடற்கரை வரை வந்துவிட்டுப் போங்கள். இனம் சேராததைக் கலந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவர்கள் அந்தக் கரையின் முத்து வியாபாரிகள்.

சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தை எடுத்ததும் முதல் வேலை சலிப்பதுதான். ஒரே அளவில் பத்து பித்தளைக் கிண்ணங்கள், அடியில் துளைகள். முதல் கிண்ணத்தில் 20 துளை. அடுத்தது 30, பிறகு 50, 80, 100 என்று போய், கடைசிக் கிண்ணத்தில் 1,000. எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும். 20-லேயே தங்கிவிட்டது என்றால் அது ராஜா வீட்டு முத்து! அதற்கப்புறம் உருட்சி, நிறம், ஒளி பார்த்து ஆணி முத்து முதல் குறுவல் வரை தரம் பிரிப்பார்கள்.

பிறகு வருவது 'செவ்வு'. நான் பி.காம். படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் உற்சாகம் கூடிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். முத்தின் எடையை மஞ்சாடிக் கணக்கில் பார்க்க வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதுதான் செவ்வு. விலையே செவ்வுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள்.

உங்களிடம் 6 மஞ்சாடியில் ஒரு முத்து, 2 மஞ்சாடியில் ஒன்று. தனித்தனியாக நிறுத்தால் பெரியது 27 செவ்வு, சின்னது 3. மொத்தம் 30. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுங்கள்: 8 மஞ்சாடி, 64, அதில் முக்கால் 48, இரண்டால் வகுத்தால் 24. ஆறு செவ்வு அம்பேல்! ஆனால் 4 மஞ்சாடியில் இரண்டு முத்து இருந்தால்? தனியாக நிறுத்தாலும் 24, சேர்த்து நிறுத்தாலும் 24. ஒத்த ஜோடிக்கு நஷ்டமே கிடையாது. என்ன மூளை பாருங்கள்!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1960-ல், பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் தாங்களே கட்டிய கம்ப்யூட்டரை இயக்கியிருந்தார்கள். டிஃப்ராக் என்று பெயர். அதன் மெமரி எப்படி இருந்தது தெரியுமா? கம்பியில் கோர்த்த மணிகள்! ஃபெரைட் எனும் காந்தப் பொருளில் செய்த பொடி வளையங்கள். 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். பிட்டுக்கு ஒரு வளையம் என்று பெருக்கினால் 81,920 வளையங்கள்.

குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும். ஒவ்வொன்றிலும் பாதி மின்சாரம். இரண்டும் சந்திக்கிற வளையத்துக்கு மட்டும்தான் முழு மின்சாரம் கிடைக்கும். அது மட்டும்தான் புரள வேண்டும். பாதிக்கே புரளும் அவசரக் குடுக்கையோ, முழுசுக்கும் அசையாத சோம்பேறியோ நடுவில் இருந்தால் கணக்கு காலி. அதனால் கோர்ப்பதற்கு முன்பே வளையங்களைச் சோதித்து, சேராததைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். உலகம் முழுக்க இந்தக் கோர்ப்பு வேலையைப் பெரும்பாலும் செய்தது பெண்கள்.

1966-ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டுக்கு உதித்த யோசனை மணிகளைச் சிலிக்கான் சில்லாக்கியது. சல்லடை மட்டும் ஒழியவில்லை. ஒரே தகட்டில் பிறந்த சில்லுகளைக்கூட ஆலையிலேயே சோதித்து வேக வாரியாகப் பிரிக்கிறார்கள்.

அப்புறம் ஜோடி சேர்ப்பது நம் தலையில் விழுந்தது. 486 காலத்து 30 பின் ரேம் என்றால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும். பென்டியத்தில் 72 பின் ரேம், இரண்டிரண்டாக. அதிலும் ஒரு வில்லங்கம்: ரேமின் முனையில் ஈயம் கலந்த வெள்ளீயப் பூச்சு, சாக்கெட்டில் தங்கப் பூச்சு என்று கலந்துவிட்டால், நாளடைவில் துரு மாதிரி ஒரு படலம் படிந்து தொடர்பு அறுந்துபோகும். உப்புக் காற்று வீசுகிற ஊரில் கேட்கவே வேண்டாம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகும் நம்மூர் வைத்தியம் சும்மா வரவில்லை.

1998 வாக்கில் பி.சி.100 ரகம் வந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. ரேமின் ஓரத்தில் கடுகத்தனை சில்லு. 'என் கொள்ளளவு இது, வேகம் இது' என்று அதில் ஜாதகம் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் விழித்ததும் எல்லா ஜாதகத்தையும் படித்து, எல்லோருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். டி.டி.ஆர்.4-ல் 3200 ஒன்று, 2400 ஒன்று போட்டால் இரண்டுமே 2400-ல்தான் ஓடும். நம் 24 செவ்வு!

இந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. 4 ஜி.பி.யில் மூச்சு முட்டிய மெஷினுக்கு இன்னொரு 4 ஜி.பி. கிடைத்தால், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் லாபம்தான். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஜாதகம் பொய்யாக இருந்தாலோ, இரண்டும் நூலிழையில் ஒத்துப்போகாமல் இருந்தாலோ, மெஷின் ஓடும். ஆனால் எப்போதாவது ஒரு பிட் புரளும். நீல ஸ்கிரீன் வந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். வராமல் போனால்? ரூ.1,000 என்று இருந்த எண்ணில் 17-வது பிட் புரண்டால் அது ரூ.66,536. தணிக்கைக்காரர் வரும்வரை யாருக்கும் தெரியாது.

2003-ல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில், மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்தது. சாத்தியமே இல்லாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது 13-வது பிட்டின் சரியான மதிப்பு. அங்கே ரேம் கலப்பு எதுவும் இல்லை. விண்ணிலிருந்து வந்த கதிராக இருக்கலாம் என்றுதான் சந்தேகித்தார்கள். ஒரே ஒரு பிட்டுக்கு இத்தனை வல்லமை.

எனவே மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள்: டி.டி.ஆர். தலைமுறை ஒன்றாக இருக்கட்டும் (மாறினால் பள்ளமே பொருந்தாது, அழுத்தி உடைக்க வேண்டாம்). வோல்டேஜும் ஒன்றாக இருக்கட்டும். சொருகியதும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பில் ஒரே ஒரு வரி தெரிந்தாலும், அந்த ரேமைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.