துருத்தி ஊதிய பையன்

மணலி புதுநகரில் மலை கிடையாது. மேடு என்று எதையாவது காட்டவேண்டுமானால் பாலங்களைத்தான் காட்டவேண்டும். கிழக்கே எண்ணூர்க் கடல். தெற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நடுவே கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் உறுமிக்கொண்டு போகும் பொன்னேரி நெடுஞ்சாலை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் விடியற்காலை நாலரை மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். நீலகிரியில், மசினகுடிப் பக்கமிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையை மிதித்தே கடந்துவிடவேண்டும் என்பது அவன் ஆசை. "மலை இல்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படியப்பா?" என்று கேட்டேன். "கடல் காத்துக்கு எதிரே மிதிச்சுப் பாருங்க மாமா, தெரியும்!" என்றான்.

கல்லட்டி லேசான பாதை அல்ல. முப்பத்தாறு கொண்டைஊசி வளைவுகள். 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் பலருடைய கால்களையும் கர்வத்தையும் ஒருங்கே சோதித்த ஏற்றம் அது. பையன் என்னிடம் கேட்ட சந்தேகம் இதுதான்: "போட்டியிலே வண்டி ஒடிஞ்சு போனா, யாராவது கை கொடுக்கலாமா, கூடாதா?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரான்சு தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னேன்.

1903-ல் 'லோத்தோ' என்ற பாரிஸ் பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காக, நாட்டையே சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்தது. (பத்திரிகைக்காரர்கள் விற்பனைக்காக எதையெல்லாம் செய்வார்கள் என்பது அவற்றில் தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எனக்கா தெரியாது?) அறுபது பேர் புறப்பட்டார்கள், இருபத்தோரு பேர் முடித்தார்கள். இதுவும் போதவில்லை போலும்! 1910-ல் பிரனீஸ் மலைத்தொடரின் உச்சிகள் வழியாகவே பந்தயத்தை விடலாம் என்று யோசனை பிறந்தது. பாதையைப் பார்த்துவரப் போன ஸ்தேனெஸ் என்பவரின் கார், தூர்மலே கணவாயில் பனியில் சிக்கிக்கொண்டது. மனிதர் இருட்டில் தட்டுத் தடுமாறி நடந்து, குளிரில் விறைத்து, மறுபக்கத்து ஊரை அடைந்தாராம். அடைந்ததும் பத்திரிகை ஆசிரியர் தெக்ராஞ்சுக்குத் தந்தி அடித்தார்: பாதை மிகவும் நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! இவ்வளவு துணிச்சலான பொய்யை நான் எந்த நாவலிலும் எழுதியதில்லை.

அந்த வருஷம் ஜூலை 21-ந் தேதி, 326 கிலோ மீட்டர் மலைப்பாதையில் முதலாவதாக வந்தவர் லாபீஸ். வழியில் பந்தய அதிகாரிகளைப் பார்த்து, 'கொலைகாரர்கள்' என்று அவர் கத்தியது பிரசித்தம்.

ஆனால் நான் சொல்ல வந்தது லாபீஸின் கதை அல்ல, கிறிஸ்தோப்பின் கதை. 1913-ல், பந்தயம் முழுவதையுமே வென்றுவிடக் கூடிய நிலையில் இருந்தார் அவர். தூர்மலே உச்சியைக் கடந்து இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை ஒடிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, கண்ணீரும் வியர்வையுமாகப் பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். கொல்லன் வாயால் யோசனை சொல்லலாம். கை வைக்கக் கூடாது. கிறிஸ்தோப்பே நெருப்பை மூட்டி, இரும்பைக் காய்ச்சி அடித்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று காவல் காத்தார்கள். அவர்களில் ஒருவர் பசிக்கிறது, சாப்பிட்டு வருகிறேன் என்றபோது, 'கரியைத் தின்னுங்கள்' என்று சொன்னதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். நியாயமான கோபந்தான்!

ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் சம்மட்டி. துருத்தியை யார் ஊதுவது? பட்டறையிலிருந்த சிறுவன் ஊதினான். சுமார் மூன்று மணி நேர வேலை. முடித்து, சைக்கிளில் ஏறி, மிச்சமிருந்த மலைகளையும் கடந்து கிறிஸ்தோப் ஊர் போய்ச் சேர்ந்தார். துருத்தி ஊதப் பிறர் உதவி பெற்ற குற்றத்துக்குப் பத்து நிமிஷம் அபராதம் விதித்தார்கள். பிறகு இரங்கி மூன்று நிமிஷமாகக் குறைத்தார்கள். அவ்வளவுக்கும் பிறகு அந்தப் பந்தயத்தில் ஏழாவதாக வந்தார் அவர். 1919-ல் முதன்முதல் மஞ்சள் சட்டை அணிந்த பெருமையும் அவருக்கே கிடைத்தது. அந்த வருஷமும் வெற்றிக்கு அருகில் வந்தபோது கவை ஒடிந்தது! பிரான்சைச் சுற்றும் பந்தயத்தைக் கடைசிவரை அவர் வெல்லவே இல்லை.

விதி விதிதான் என்று வாதிக்கலாம். கியர் மாற்றும் கருவியைக்கூட 1937 வரையில் அனுமதிக்காதவர்கள் அவர்கள். நம் அம்பத்தூரில் தயாரான பழைய ஹெர்குலிஸ் வண்டி மாதிரி ஒற்றைப் பல்சக்கரத்தை மிதித்தே மலை ஏறவேண்டும். ஆயினும் அந்த மூன்று நிமிஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆசிரியர் விற்பனைக்காகப் போட்ட மலையில் ஒடிந்த வண்டி அது; ஊதியவன் ஒரு குழந்தை.

"தூர்மலே நம்ம ஊட்டியைவிட உசரமா?" என்று கேட்டான் பையன்.

"இல்லை. தூர்மலே 2,115 மீட்டர். உதகை 2,240."

பையனுக்கு அதில் ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மூணு நிமிஷம் ரொம்ப அநியாயம் மாமா" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, தானே சங்கிலியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். யாரையும் தொடவிடவில்லை. அவன் தம்பி மட்டும் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளாலும் பம்பைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.