ரோஜாவடியிலிருந்து கழுகடிக்கு

முப்பத்தொரு வருடம் அஞ்சலகத்தில் கடிதம் பிரித்தவனுக்கு எந்த ஊரானாலும் முதலில் கண்ணில் படுவது விலாசம்தான். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, கிராக்கோவுல மூணு ராத்திரி. எங்க தங்கலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று விடுதிகளின் பட்டியல் ஒன்றை அனுப்பினாள். வாடகையைப் பார்ப்பதற்கு முன்பே பெயர்களில் மாட்டிக்கொண்டேன். 'போத்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கேட்டதற்கு, "கீழேன்னு அர்த்தம்ப்பா" என்றாள்.

கதவு எண்கள் கிராக்கோவுக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை வீட்டுக்கு அடையாளம் வாசலுக்கு மேலே செதுக்கிய சின்னம். ரோஜாவுக்குக் கீழே, ஆட்டுக்கடாக்களுக்குக் கீழே, பல்லிகளுக்குக் கீழே. தமிழில் இதற்கு 'அடி' என்ற ஒற்றைச் சொல் போதும்: புளியமரத்தடி மாதிரி ரோஜாவடி, பல்லியடி. தபால்காரர் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான விலாசம் வேண்டுமா என்ன?

பெரிய சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி இந்தச் சின்னங்கள் இன்னும் இருக்கின்றன. 1241-இல் மங்கோலியர் ஊரைக் கொளுத்திய பிறகு, 1257-இல் சிற்றரசர் போலெஸ்லாவ் சாசனம் கொடுத்து, கயிறு பிடித்த மாதிரி மனை பிரித்த இடம் அது. ஒரு பக்கம் சுமார் 200 மீட்டர். பல்லியடியில் இப்போது மாணவர் மன்றம். இரண்டு பல்லிகள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

நான் ஆசைப்பட்டது ரோஜாவடிக்கு. ஃப்ளோரியான்ஸ்கா தெருவில் 14-ஆம் எண். மன்னர்கள் கோட்டை வாசல் வழியாக நுழைந்து வாவெல் குன்றுக்கு ஊர்வலம் போன தெரு. இசைமேதை லிஸ்ட் 1843-இல் வந்தபோது தங்கியது இங்கேதான் என்று சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். வாசல் நிலைக்கு மேல் லத்தீனில் ஒரு வேண்டுதல்: எறும்பு கடலைக் குடித்து முடிக்கும்வரை, ஆமை உலகைச் சுற்றி வரும்வரை இந்த வீடு நிற்கட்டுமாம். விடுதிக்காரர்களின் தன்னம்பிக்கை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

லிஸ்ட் குதிரை வண்டியில் வந்தார். நான்கே வருடத்தில், 1847-இல், ரயில் வந்துவிட்டது. நிலையம் பழைய மதிலுக்கு வெளியே, இந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில். பெட்டியோடு இறங்குகிறவன் எங்கே போவான்? அக்கம்பக்கத்துத் தெருக்களில் விடுதிகள் பெருகின. ஷ்பிதால்னா தெருவில் 1834-இலிருந்தே இருந்த போல்லெரா விடுதியின் மாடிப்படியில் ஓவியர் விஸ்பியான்ஸ்கியின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. தங்காவிட்டாலும் எட்டிப் பார்க்கலாம், நாங்கள் பார்த்தோம்.

ஃப்ளோரியான்ஸ்காவில் வாடகை கட்டுப்படியாகவில்லை. தூக்கமும் கட்டுப்படியாகியிருக்காது. மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை, நள்ளிரவிலும், தீயணைப்பு வீரர் ஒருவர் நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுகிறார். ஊதிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்துவிடும். மங்கோலிய அம்பு தொண்டையில் தைத்த காவல்காரனின் நினைவு என்பது கதை. கதைதான்; ஆனால் கேட்டவுடன் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

ஆகவே காஜிமியெஷில் தங்கினோம். அங்கே போக தீத்லா சாலையைக் கடக்க வேண்டும். ஊரின் மற்ற சாலைகளுக்குப் பொருந்தாத அகலம். காரணம், அது சாலையே இல்லை, ஆறு. விஸ்துலாவின் பழைய கிளையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர்த்திருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் 1335-இல் காசிமிர் மன்னர் நிறுவிய தனி நகரம். 1495-இல் கிராக்கோவின் யூதர்களை அங்கே குடியேற்றினார்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன்பு ஊரில் நாலில் ஒருவர் யூதர்.

எங்கள் அறையின் கதவு நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில், சாய்வாக ஒரு குழி. விரல் நீளம். பலமுறை வண்ணம் பூசியும் மறையவில்லை. யூத வீடுகளில் மறைவாசகச் சுருளைப் பதிக்கும் இடம் அது என்று மகள் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு எக்காளம் காரணமில்லை. அந்த விலாசத்துக்கு வந்து, வாங்க ஆள் இல்லாமல் திரும்பிய கடிதங்கள் எத்தனை இருக்கும் என்று தொழில் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

காலையில் பாலத்தைத் தாண்டி அந்த வீட்டுக்காரர்கள் போன திசையில் நடந்தோம். அக்கரைக்குப் பெயர் போத்குஷே. அதிலும் அந்த 'போத்': மலையடி. 1784-இல் ஆஸ்திரியர்கள் தனி ஊராக்கி, 1915-இல் கிராக்கோவோடு சேர்ந்த இடம். 1941 மார்ச்சில் ஜெர்மானியர்கள் இங்கே சுவர் எழுப்பி, சுமார் 3,000 பேர் குடியிருந்த தெருக்களில் 15,000-க்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்தார்கள். அதுதான் கெட்டோ.

அங்கே ஒரு சதுக்கத்தின் ஓரத்தில் மருந்துக் கடை. பெயர் 'போத் ஓர்வெம்', அதாவது கழுகடி. நடத்தியவர் ததேயுஷ் பான்கியேவிச், யூதரல்லாத போலந்துக்காரர். தகப்பனார் தொடங்கிய கடை. சுவருக்கு வெளியே, யூதர்களிடமிருந்து பறித்த வேறொரு கடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. சுவருக்குள்ளேயே இருக்க அனுமதி வாங்கி, இரவுப் பணி அறையிலேயே படுத்துக்கொண்டு, மூன்று பெண் உதவியாளர்களோடு கடையை நடத்தினார். ஒளிந்திருக்கும் குழந்தைகள் சோதனையின்போது அழாமலிருக்க மயக்க மருந்து, தேடுகிறவர்களிடம் தப்ப முடிக்குச் சாயம் எல்லாம் அங்கிருந்துதான். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் கெட்டோவைக் காலி செய்தபோது நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தார். 1947-இல் எழுதி வைத்தார்.

இப்போது அது அருங்காட்சியகம். வெளியே சதுக்கத்தில் வெண்கல, இரும்பு நாற்காலிகள் காலியாக நிற்கின்றன. நான் வாசல் எண்ணைப் பார்த்தேன். 18. அன்றும் அதே 18. சதுக்கத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது கெட்டோ வீரர்கள் சதுக்கம். பான்கியேவிச்சுக்குக் கடிதம் வந்த நாளில் அதன் பெயர் இணக்கச் சதுக்கம்.