பயனர் சுயவிவர இணைப்பு

இணையச் செயலிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பயனர் கணக்குடன், குறித்த செயலிக்கே உரிய கூடுதல் தரவுகளைப் பிணைக்கும் முறை. கணக்கில் பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் என்பவையே பெரும்பாலும் இருக்கும். இலங்கையின் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலி எழுதுபவருக்குத் தேசிய அடையாள அட்டை இலக்கமும் கிராம உத்தியோகத்தர் பிரிவும் வேண்டும். இவை தனி அட்டவணையில் தங்கும்.

இதன் முன்னோடிகளில் ஒன்று யுனிக்ஸ் கடவுச்சொற் கோப்பின் ‘ஜிகோஸ்’ புலம். பெல் ஆய்வுகூடத்தினர் அச்சுவேலைக்கு ‘ஜிகோஸ்’ என்ற வேறோர் இயங்குதளத்தை நாடியபோது அதன் கணக்கு விபரத்தை வைக்க ஒதுக்கிய இடம் அது. பிற்பாடு முழுப்பெயரும் அறை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் அங்கே குடியேறின. பழைய பெயர் இன்றும் வழங்குகிறது.

தெளிவாகப் பதிவாகியுள்ள வரலாறு ஜாங்கோ என்ற இணையச் செயலிச் சட்டகத்தினுடையது. அமெரிக்காவின் லாரன்ஸ் நகரப் பத்திரிகை அலுவலகமொன்றில் உருவான இச்சட்டகம் 2005 ஜூலையில் வெளியானது. கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் அதற்கு இடப்பட்டது. தொடக்க காலத்தில், சுயவிவர அட்டவணை எதுவென அமைப்புக் கோப்பில் அறிவித்துவிட்டு ‘கெட்_புரொஃபைல்’ என்ற செயற்கூறால் அதை அழைத்தனர். 2013 பெப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு, கணக்கின் புலங்களை வரையறுக்கும் பயனர் மாதிரியையே மாற்றி எழுத வழிவிட்டது. பழைய செயற்கூறு 1.7 பதிப்பில் நீங்கியது. கணக்கையும் சுயவிவரத்தையும் பிணைக்க ஒன்றுக்கு-ஒன்று உறவுப் புலம் நிலைத்தது. புதிய கணக்கு பதிவானதும் சமிக்ஞை ஒன்றின் மூலம் சுயவிவர வரிசையை உருவாக்குவது வழக்கமாயிற்று. முன்பே இருந்த கணக்குகளுக்கு அது உருவாகாது. அவற்றுக்குத் தனியே எழுதவேண்டும்.

தனி அட்டவணையா, சொந்தப் பயனர் மாதிரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புதிய திட்டத்தைச் சொந்த மாதிரியுடன் தொடங்குவதற்கு ஜாங்கோ ஆவணம் வழிகாட்டுகிறது. இடைநடுவில் மாற்றுவது கடினம். உள்நுழைவுக்குச் சம்பந்தமில்லாத தரவைத் தனியே வைப்பதே நன்று என்பாரும் உளர்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இணைப்பு பெரிதும் பயன்படுகிறது. ஜாங்கோவின் கணக்கு ஒருவரின் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு புலங்களையே தருகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே எழுதும் தமிழ்ப் பெயர்கள் அவற்றில் பொருந்துவதில்லை. தந்தை பெயரைக் குடும்பப்பெயர்ப் புலத்தில் இட்டால் ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று என்றாகும். சுயவிவரத்தில் முழுப்பெயருக்கு ஒரே புலம் வைப்பது சாலச் சிறந்தது.

அடையாள அட்டை இலக்கத்தை எழுத்துச்சரமாகவே சேமிக்க வேண்டும். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படுவதில் 12 இலக்கங்கள். இரண்டிலும் பிறந்த ஆண்டும் நாளும் பொதிந்துள்ளன. பெண்களுக்கு நாளெண்ணுடன் 500 கூட்டப்படும்.

மூடில், வேர்ட்பிரஸ் ஆகிய இணையச் செயலிகளும் கூடுதல் புலங்களைத் தனி அட்டவணைகளிலேயே வைக்கின்றன. இவ்வாறு சேமிக்கும் தனிப்பட்ட தரவைக் காக்க, இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.