தையற்காரரின் இருக்கை

பினாங்கு லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்திரீட்டை நம் முன்னோர் ‘கடைத்தெரு’ என்றே வழங்கினர். அப்பகுதித் தையற்கடைகளில் சட்டை தைக்கக் கொடுக்கும் நாம், தைப்பவர் எதன்மீது அமர்ந்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

கையால் தைத்த காலத்தில் தையற்காரருக்கு நாற்காலி வேண்டியிருக்கவில்லை. பாயில் சம்மணமிட்டு, துணியை மடியில் கிடத்தித் தைத்தார். 1851இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிதிபலகை பரவியதும் இரு கைகளும் துணிக்கென விடுபட்டன. உழைப்பு காலுக்கு மாறியது. கால் மிதிக்க வேண்டுமெனில் உடல் தரையைவிட்டு உயர்ந்தாக வேண்டுமல்லவா? மேசையும் மிதிபலகையும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தன. இருக்கை வரவில்லை, அகப்பட்ட முக்காலியே இருக்கையாயிற்று.

தீபாவளிக்கு முந்திய இரவுகளில் என் தாயாரும் முக்காலியின்மேல் தலையணையை மடித்துப் போட்டுக்கொண்டுதான் தைப்பார். உயரம் கூடியது, முதுகு சாய இடமில்லை. விடியற்காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுவார்.

இன்று வீட்டில் தையலறை அமைக்கும் பெற்றோர், கைப்பிடியில்லாத, முதுகுச்சாய்வுள்ள நாற்காலியைத் தேர்க. அமர்ந்தால் முழங்கை இயந்திரத்தட்டின் மட்டத்தில் நிற்க வேண்டும். பாதம் முழுமையாகப் பதிய வேண்டும். மிதி இயந்திரமாயின் சக்கரம் பொருத்திய நாற்காலி வேண்டாம். மிதிக்க மிதிக்கப் பின்னால் நழுவும்.