கடலேறி வந்த பித்தான்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் சட்டை தைக்கக் கொடுப்பவர் மலாயில் பேசினால் ‘பூத்தாங்’ என்பார். பழைய தலைமுறைத் தமிழர் ‘பித்தான்’ என்பார். காதுக்கு வேறு வேறாகப் படும் இந்த இரண்டு சொற்களுக்கும் தாய் ஒன்றுதான். போர்த்துகீசிய மொழியின் ‘பொத்தாவ்’.

போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் முத்துக்குளித்துறையிலும் கால் ஊன்றினார்கள். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் இரு கரைகளிலும் இறங்க, பெயர்களும் கூடவே இறங்கின. நாம் மேசை என்றால் மலாய்க்காரர் மேஜா என்கிறார். நம் ஜன்னல் அவருக்கு ஜெண்டேலா, நம் அலமாரி அவருக்கு அல்மாரி. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கைத் திறந்தபின் கப்பலேறி வந்த தமிழருக்கு, உடன்பிறந்த சொற்கள் அங்கே முன்பே காத்திருந்தன.

பொத்தான், பித்தான் என்று தமிழில் இரு வடிவமும் உண்டு. பொத்துதல் என்றால் மூடுதல் ஆயிற்றே, இது தமிழ் வேர்தானே என்று சிலருக்குத் தோன்றும். ஒலி ஒற்றுமை தற்செயல். போர்த்துகீசியச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது; ஆங்கிலத்துக்கும் அதே பிரெஞ்சுதான் கொடுத்தது. ஆக, இன்று எல்லாரும் சொல்லும் ‘பட்டன்’ பித்தானுக்குப் பங்காளி. இலங்கைத் தமிழர் மட்டும் ‘தெறி’ என்று அழகாகச் சொந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

சொல்லைவிடப் பொருள் மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் சிப்பியில் செய்து துளையிட்ட பித்தான் போன்ற அணி கிடைத்திருக்கிறது. ரோமானியர் பெரிதும் நம்பியது பித்தானை அல்ல, ‘பிபுலா’ என்ற ஊசியை. வெண்கலத்தில் சுருள்வில்லோடு செய்து, சிலவற்றில் வண்ண மினா பூசி, போர்வையைத் தோளில் கோத்துக்கொண்டார்கள். ‘பொருத்து’ என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. அதே காலத்து யவனரை, அதாவது கிரேக்க, ரோமானியரை, தமிழரும் கண்டிருக்கிறார்கள். முல்லைப்பாட்டு அவர்களது தைத்த சட்டையை ‘மெய்ப்பை’ என்கிறது. அவர்களது சாட்டைக்கு அது தரும் ‘மத்திகை’ என்ற பெயரே கிரேக்கத்திலிருந்து வந்தது. சட்டையைப் பூட்டிய சிறு பொருளுக்கு அந்தப் பாட்டில் பெயர் இல்லை. தைக்காத ஆடை உடுத்திய நாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

பிபுலாவின் வேலையைப் பினாங்கில் இன்றும் செய்வது ‘கெரோங்சாங்’. நோன்யா எனப்படும் பெரானாக்கான் சீனப் பெண்களின் கெபாயா என்ற மேலாடையில் பித்தான் கிடையாது. சங்கிலியால் இணைத்த மூன்று குத்தணிகள்தான் முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கும். நீண்ட அங்கிக்கு உரிய தொகுதியில் பெரியதை ‘தாய்’ என்றும் சிறியவற்றை ‘பிள்ளை’ என்றும் அழைப்பது வழக்கம். ஜார்ஜ் டவுன் சர்ச் தெருவில் உள்ள பெரானாக்கான் மாளிகையில் இத்தகைய நகைகளைப் பார்க்கலாம்.

மலாய் ஆண்கள் பெருநாளுக்கு அணியும் நிமிர்ந்த கழுத்துச் சட்டையில் வழக்கமாக ஐந்து பூத்தாங். துணியோடு தைக்காமல் கழற்றி மாட்டுபவை. தமிழ்நாட்டில் வசதியுள்ளவர்களின் ஜிப்பாவில் சங்கிலி கோத்த தங்கப் பித்தானும் அப்படியே. சலவைக்குப் போடுமுன் கழற்றிப் பெட்டியில் பூட்டுவார்கள். துணி கிழிந்தாலும் பித்தான் பேரனுக்குப் போகும். தைத்த நெகிழிப் பித்தான் வந்தபிறகு அது நகை என்ற தகுதியை இழந்தது. கூடவே பெயரும் பட்டன் ஆயிற்று.

வீட்டில் தாத்தாவின் பித்தான் இருந்தால் அதை உருக்கக் கொடுக்காதீர்கள். அதன் பகுதிகளை அவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.