அரக்கில் எழுதிய குரல்கள்

பேச்சுக்கும் பாட்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. வாயினின்று புறப்பட்ட கணத்திலேயே இரண்டும் காற்றிற் கலந்து மறைந்துவிடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கென முதலாம் இராசராசன் அமர்த்தியவர்களின் பெயர்களைக் கல்வெட்டு நமக்குச் சொல்லுகிறது. அவர்களுக்கு நாள்தோறும் அளந்த நெல்லின் அளவையும் சொல்லுகிறது. ஆனால் அவர்கள் எவ்வாறு பாடினார்கள் என்பதைச் சொல்ல அக்கல்லினால் இயலவில்லை. பெயர் இருக்கிறது, படி இருக்கிறது, பாட்டு இல்லை.

மனிதகுல வரலாற்றில் மிக நீண்ட காலம் இந்நிலையே நீடித்தது. 1877இல் அமெரிக்க நாட்டின் தாமஸ் எடிசன், உருளையொன்றின்மேல் ஈயத்தாள் சுற்றி, அதில் தம் குரலைப் பதித்துத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887இல், ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பெர்லினர் என்பவர் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருளையைவிடத் தட்டுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. ஒரு மூலத்திலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான படிகளை எளிதில் உண்டாக்கலாம். கிராமபோன் என்னும் கருவி அவ்வாறே பிறந்தது.

அதே 1887ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த்தொடர்பு யாதும் இல்லை. ஆயினும் இரண்டையும் ஒருங்கே நினைப்பது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஐயரவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடியிராவிடின் நாம் இழந்திருக்கக்கூடியவை எத்தனையோ! இசைத்தட்டுகளுக்கும் அத்தகைய தேட்டம் வேண்டும் என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல விரும்புவது. இசைத்தட்டுச் சேகரிப்பைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதுவோர் உளர். பொழுதுபோக்குத்தான், ஆயின் வரலாற்றுப் பணியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

மாணவ நேயர்களே, முதலில் தட்டு எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காண்போம். தொடக்க காலத்தில் மின்சார ஒலிவாங்கி இல்லை. பாடகர் ஒரு பெரிய புனலின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாடவேண்டும். குரலின் அதிர்வு புனலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். அத்தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியாகக் கோடு கீறும். அம்மெழுகின்மேல் மின்முறையால் உலோகம் பூசி, அவ்வுலோகத்தை உரித்தெடுத்து அச்சாக்குவர். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே சுருள்கோட்டை நீட்டிப் பிடித்தால் நூறு மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு நீளமும் ஓடி முடிய மூன்று நிமிடமே ஆகும்.

அச்சிடப்பட்ட பொருள் எது என்று அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். அது நம் நாட்டு அரக்கு. பாரதக் கதையில் பாண்டவரை எரிப்பதற்காக மாளிகை கட்டப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் அதே அரக்குத்தான். சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் இப்பிசின் நம் நாட்டுக் காடுகளிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அதனோடு கல்மாவும் கரித்தூளும் சேர்த்துச் சூட்டில் அழுத்தித் தட்டாக்கினர். உலகின் பெரும் பாடகர்கள் பலருடைய குரலை முதன்முதலில் தாங்கியது இந்த அரக்கு என்பது நாம் மகிழத்தக்க செய்தியே. அரக்குத் தட்டு கடினமானது. ஆனால் கைதவறி விழுந்தால் ஓடுபோல் உடைந்துபோகும். அதனால் நேர்ந்த இழப்பும் பெரிது.

1902ஆம் ஆண்டில் பிரெடரிக் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் பதிந்தவர்களுள் புகழ்மிக்கவர் கௌஹர் ஜான் என்னும் பாடகி. அவர் தம் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். அதற்குக் காரணம் இருந்தது. பதிந்த மூலங்கள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. அங்கே தட்டு அச்சிடுவோருக்கு இந்திய மொழி தெரியாது. எந்தப் பாட்டு யாருடையது என்று அவர்கள் அறிந்துகொள்ள இவ்வறிவிப்பு உதவிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது.

தென்னாட்டில் வித்துவான்கள் பலர் முதலில் இக்கருவியை அணுகத் தயங்கினர். தயங்காது முன்வந்தவர்களுள் தேவதாசி மரபில் வந்த பெண்கள் முதன்மையானவர்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலியோரின் குரல்கள் இன்று நமக்குக் கிடைப்பது அதனால்தான். 1912ஆம் ஆண்டையொட்டி இந்தியாவுக்கு வந்த மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையாசிரியர் தாயியின் இசையில் உள்ளம் பறிகொடுத்தார். அவருடைய தட்டொன்றை அடிப்படையாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்னும் உருப்படியை இயற்றினார். அதில் பியானோவின் தந்தியொன்றின் கீழே அட்டையைச் செருகி ஓசையை மாற்றும்படி குறித்திருக்கிறார். நம் ஊர்ப் பாடகியின் மூன்று நிமிடத் தட்டு பாரிசின் இசையரங்கு வரை எட்டியது.

அம்மூன்று நிமிடம் நம் இசைக்கு ஒரு சோதனையாகவும் அமைந்தது. மணிக்கணக்கில் விரித்துப் பாடும் பழக்கமுள்ளவர்கள் ஆலாபனையைச் சில வீச்சுகளில் முடித்து, கீர்த்தனையைச் சற்று விரைந்து பாடவேண்டியதாயிற்று. எனவே, அந்நாளைய தட்டைக் கேட்டுவிட்டு, ‘அக்காலத்தில் இவ்வளவு சுருக்கமாகவும் விரைவாகவும்தான் பாடினார்கள்’ என்று முடிவு கட்டுவது தவறு. தட்டு உண்மையைச் சொல்லும் சாட்சிதான். ஆனால் மூன்று நிமிடத்துக்குள் சொல்லுமாறு கட்டளையிடப்பட்ட சாட்சி.

1925இல் மின்சார ஒலிவாங்கி வழக்குக்கு வந்தது. மெல்லிய நாதங்களும் பதிவாயின. வீணை தனம்மாள் கொலம்பியா நிறுவனத்துக்கு 1932இல் வாசித்தளித்த தட்டுகள் இவ்வகையின. அவர் 1867இல் பிறந்தவர், பதிவின்போது முதுமை எய்தியவர், 1938இல் மறைந்தார். அத்தட்டுகளை இரவின் அமைதியில் கேட்பது என் வழக்கம். முதலில் ஊசியின் இரைச்சலே காதில் விழும். சற்றுப் பொறுத்தால் இரைச்சல் பின்னே ஒதுங்க, விரல் தந்தியைத் தொடும் மென்மை புலப்படத் தொடங்கும். அவர் வாசிப்பைப் பற்றிப் பெரியோர் எழுதிய பக்கங்களை நான் படித்திருக்கிறேன். அப்பக்கங்கள் சொல்ல முயன்றது இன்னதென்று எனக்கு விளங்கியது அத்தட்டுகளால்தான்.

செங்கோட்டை கிட்டப்பாவின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். நாடக மேடையில் தமிழகத்தையே மயக்கிய அவர் 1933இல், 27ஆம் வயதிலேயே, காலமானார். திரைப்படத்தில் அவர் நடிக்கவில்லை. தட்டுகள் இல்லையேல் அக்குரல் கேட்டவர்களின் நினைவோடு மறைந்திருக்கும். மகா வைத்தியநாதையருக்கு நேர்ந்தது அதுவே. அவர் 1893இல் மறைந்தார். ஒலிப்பதிவாளர் இந்நாட்டில் கால்வைத்ததோ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர். பெரும்புகழ் அவருக்கு உண்டு. ஆனால் ஒரு நொடி நேரப் பாட்டும் நமக்கு இல்லை.

1930களில் தட்டு வாணிகம் தமிழகத்தில் தழைத்தது. ஏவி. மெய்யப்பனும் அவர்தம் கூட்டாளிகளும் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளைத் தென்னாடெங்கும் பரப்பிற்று. கச்சேரிக்குச் செல்ல இயலாதவர்களும் வீட்டுத் திண்ணையில் ‘பிளேட்’ கேட்டனர். பாட்டின் சொற்களை அச்சிட்ட சிறு புத்தகங்களும் விலைபோயின.

அரக்குக்கு மாற்று, உலகப்போருக்குப் பின் பரவிற்று. 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நீளிசைத் தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதிலாக முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றே மிகுதியாக அது சுழன்றது; கோடுகளும் மிக நுண்ணியவை. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று. இரைச்சல் குறைந்தது; கீழே விழுந்தாலும் எளிதில் உடையவில்லை. 1955இல் சரோத் மேதை அலி அக்பர் கான் அமெரிக்காவில் பதிந்த நீளிசைத் தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஓர் இராகத்துக்கே உரியதாயிற்று. மூன்று நிமிடச் சிறையிலிருந்து நம் இசை விடுதலை பெற்றது இவ்வாறுதான்.

ஆனால் புதியது வந்தபோது பழையது குப்பைக்குப் போயிற்று. போர்க்காலத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட, 1942இல் அமெரிக்க அரசு அதன் பயனைக் கட்டுப்படுத்தியது; பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று நொறுக்கிப் புதியன செய்தனர். நம் நாட்டு வீடுகளிலோ, கருவி பழுதானதும் தட்டுகள் பரணுக்கு ஏறின. பின்னர்ப் பழைய சாமான்காரரின் கூடைக்கு இறங்கின. ஏட்டுச்சுவடிகளை ஆற்றிலும் அடுப்பிலும் இட்ட கதையை நாம் வருத்தத்தோடு படிக்கிறோம். அக்கதை நம் தாத்தா பாட்டியர் வீட்டுப் பரணில் மீண்டும் நடந்ததை நாம் கவனிக்கவில்லை.

பிற நாடுகளிலும் விழிப்பு மெல்லவே வந்தது. வியன்னா நகரில் 1899லேயே ஒலிக்காப்பகம் தோன்றியது உண்மை. எனினும் இலண்டனில் பேட்ரிக் சால் என்னும் இளைஞர், கடையில் கிடைக்காத தட்டொன்றைக் கேட்க விரும்பிப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்றபோது, அங்கே தட்டுகளை வைப்பதில்லை என்று அறிந்து திகைத்தார். அத்திகைப்பு வீண்போகவில்லை. அவருடைய முயற்சியால் 1955இல் ஒலிப்பதிவுக்கென ஒரு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1983இல் அது பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது. நம் நாட்டில் இப்பணியைப் பெரிதும் தாங்கியவர்கள் தனிமனிதர்களே. சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார்.

‘பாட்டையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றியாயிற்றே, தட்டு எதற்கு?’ என்று கேட்கலாம். இதற்கு ஒரு நிகழ்ச்சியே விடை கூறும். 1860இல் பிரெஞ்சு நாட்டவரான ஸ்காட் த மார்ட்டன்வில், புகைக்கரி பூசிய தாளில் ஒரு பாட்டின் அதிர்வுகளைக் கோடாகப் பதிந்தார். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வழி அவருக்குத் தெரியாது. 148 ஆண்டுகள் கழித்து, 2008இல், அமெரிக்க அறிஞர்கள் அக்கோட்டைப் படமெடுத்துக் கணிப்பொறியால் ஒலியாக்கினர். தாளைக் காத்தவர்கள் இருந்தமையால் அப்பாட்டு உயிர்பெற்றது. இன்றைய கருவி எடுக்கும் படி இன்றைய திறமைக்கு உட்பட்டது. நாளைய கருவி மூலத்தட்டிலிருந்து இன்னும் தெளிவாகக் கேட்கக்கூடும். மூலம் தொலைந்தால் அவ்வாய்ப்பும் தொலையும்.

தட்டைக் கேட்பவன், ஏட்டை ஆராய்பவனைப் போலவே சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். ‘78 சுற்று’ என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. தொடக்கக் காலத் தட்டுகள் அதனினும் குறைந்தோ மிகுந்தோ சுழன்றன. வேகம் மாறினால் சுருதியும் மாறும். நடுத்தரக் குரல் கீச்சுக் குரலாகிவிடும். ஆகவே, ‘இவர் இன்ன சுருதியில் பாடினார்’ என்று எழுதுமுன் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். தட்டின் நடுவே, உறைக்காகிதத்தை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்துள்ள சிறு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிந்த காலத்தை அறியப் பலமுறை அவ்வெண்ணே துணைசெய்யும்.

பேணும் முறையும் எளிதே. தட்டை விளிம்பிற் பிடிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிறுத்திவைக்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள நீர்மத்தால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும். அரக்குத் தட்டுக்கும் வினைல் தட்டுக்கும் ஊசி வேறு. நீளிசைத் தட்டின் நுண்ணிய ஊசி பழைய தட்டின் அகன்ற பள்ளத்தில் சரியாக அமராது.

இப்போது உலகெங்கும் வினைல் தட்டு மீண்டும் விரும்பப்படுகிறது. 2022இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகளே எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. 1987க்குப்பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. நல்ல ஊசி, நல்ல ஒலிபெருக்கி, குற்றமற்ற அச்சு ஆகியவற்றைத் தேர்ந்து கேட்பதில் இன்பம் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் பூட்டிவைத்துத் தொகையைச் சொல்லிப் பெருமைப்படுவது சேகரிப்பு ஆகாது. கேட்கவேண்டும், குறிப்பெழுதவேண்டும், பிறரையும் கேட்கச் செய்யவேண்டும். ஐயரவர்கள் ஏட்டைக் கண்டெடுத்ததோடு நிற்கவில்லை. பிழை நீக்கி அச்சிட்டு எல்லார் கைக்கும் எட்டச் செய்தார்.

ஆகவே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பிளேட்டுகள் உண்டா என்று கேளுங்கள். இருப்பின், தூசி துடைத்து, பாடியவர் பெயரையும், பாட்டின் முதலையும், தட்டின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். யார் வாங்கியது, எந்நாளில் கேட்டார்கள் என்பதையும் பெரியவர்கள் வாய்மொழியாகவே எழுதிவையுங்கள். வேறெங்கும் ஒரு படிகூட எஞ்சாத குரல் அப்பரணில் இருந்தாலும் இருக்கலாம்.